ஊட்டி போனா மூச்சு வாங்குதுங்களா?

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் கோபியில் என் கிளினிக்குக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். காய்ச்சலும் இருக்காது, சளியும் இருக்காது. மஞ்சள் பை நிறையப் பழைய சீட்டுகளும் ஸ்கேன் கவர்களும் இருக்கும்.

"பாப்பாளுக்குப் பேறுகாலமுங்க, அமெரிக்கா போறோம். ஆறு மாசத்துக்கு மாத்திரை எழுதிக் குடுத்துருங்க."

"எப்பங்க ஃபிளைட்டு?"

"நாளான்னிக்கு ராத்திரிங்க."

விசாவுக்கு மாதக்கணக்கில் காத்திருந்திருப்பார்கள். முறுக்கும் பருப்புப் பொடியும் போன வாரமே தயார். டாக்டருக்கு மட்டும் கடைசி இரண்டு நாள். ஆறு வாரம் முன்னால் வந்தால் மருந்தை மாற்றிப் பார்க்கவும், ஏதாவது தப்பினால் சரி செய்யவும் எனக்கு நேரம் இருக்கும்.

வந்தவர்களிடம் நான் முதலில் கேட்பது பிரஷரையோ சர்க்கரையையோ அல்ல. "கடைசியா ஊட்டிக்கு எப்பப் போனீங்க? அங்க நடக்கறப்ப மூச்சு வாங்குச்சுங்களா?"

ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். குன்னூர் ஏறக்குறைய 6,000 அடி, ஊட்டி 7,350 அடி. ஆக, சீட்டில் உட்கார்ந்தபடியே பதினைந்து மணி நேரம் ஊட்டியில் இருக்கிறீர்கள். நல்ல நுரையீரல் உள்ளவருக்கே ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு சில புள்ளிகள் இறங்கும், அவருக்கு அது தெரியாது. பீடியில் கெட்ட நெஞ்சுக்கும், பலவீனமான இதயத்துக்கும், கடுமையான ரத்தசோகைக்கும் அந்தச் சில புள்ளிதான் கணக்கு. போன தடவை ஊட்டியில் காரை விட்டு இறங்கவே முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

ஊட்டி போகாதவர்களுக்கு எங்கள் கிளினிக் மாடிப்படி இருக்கிறது. நிற்காமல் ஒரு மாடி ஏறி, மேலே போய் என்னோடு பேச முடிந்தால் பெரும்பாலும் பயமில்லை. முடியாவிட்டால் எக்கோ எனும் இதய ஸ்கேன், நுரையீரல் பரிசோதனை. தேவைப்பட்டால் விமானத்தில் ஆக்ஸிஜனுக்கு ஏற்பாடு. அதற்கு விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை டாக்டர் நிரப்பி முன்கூட்டியே அனுப்ப வேண்டும். விமான நிலைய வாசலில் நின்று கேட்டுப் பெறுகிற சமாச்சாரம் இல்லை அது.

மாரடைப்பு வந்தவர் சிக்கல் எதுவும் இல்லாவிட்டாலும் ஏழு முதல் பத்து நாள் பொறுத்து, இதய மருத்துவர் சரி என்ற பிறகே ஏற வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு வைத்திருந்தால், அது முழுசாகக் கரைந்துவிட்டது என்று கண் டாக்டர் சொல்லும்வரை விமானம் கூடாது. மேலே போனால் வாயு மூன்றில் ஒரு பங்கு போல விரியும், பார்வையே போகலாம். சாதாரணக் கண்புரை ஆபரேஷன் வேறு, இரண்டையும் குழப்பிக்கொண்டு டிக்கெட்டை ரத்து செய்தவர்களும் உண்டு.

இனி வீல்சேர். இதில்தான் எனக்கும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் தகராறு.

நம்பியூர்ப் பக்கத்து அப்பாரு ஒருவர், எழுபத்தாறு வயது, மூட்டுத் தேய்மானம். வீல்சேர் போடச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங்க, தெனமும் தோட்டத்தச் சுத்தி வர்றனுங்க. நாலு பேரு முன்னால தள்ளீட்டுப் போனா நோயாளின்னு நெனைக்க மாட்டாங்களா?" தோட்டத்தில் வேப்பமரத்தடியில் நினைத்தபோது உட்காரலாம். பெரிய விமான நிலையத்தில் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை, அதன் பின் வரிசையில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். 2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில் எண்பது வயதுப் பயணி ஒருவர் வீல்சேர் கேட்டிருந்தும், கிடைத்த ஒன்றில் மனைவியை உட்கார வைத்துவிட்டு நடந்தார். குடியேற்றச் சோதனை இடத்தில் சரிந்து விழுந்து இறந்துபோனார். அந்த விமான நிறுவனத்துக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. இருவருக்கும் வேண்டுமென்றால் இரண்டு டிக்கெட்டிலும் தனித்தனியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று வந்து இன்னொன்று வரவில்லை என்றால் வரும்வரை உட்கார்ந்திருங்கள். விமானம் போய்விடுமோ என்று பதறி நடக்க வேண்டாம்.

குறைந்தது 48 மணி நேரம் முன்னால் பதிய வேண்டும், டிக்கெட் எடுக்கும்போதே பதிந்தால் இன்னும் நல்லது. மூன்று வகை உண்டு. படி ஏற முடியும், நெடுந்தூரம் முடியாது என்பவருக்கு டபிள்யூ.சி.எச்.ஆர். படியும் முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ். சீட்வரை உதவி வேண்டுமென்றால் டபிள்யூ.சி.எச்.சி. டிக்கெட் போடும் பையன்கள் எல்லாருக்கும் முதல் வகையைத் தட்டிவிடுகிறார்கள். பஸ்ஸில் கொண்டுபோய் விமானப் படிக்கட்டு அடியில் இறக்கினால் முட்டி வலிக்காரர் அங்கேதான் மாட்டிக்கொள்வார். இரண்டாம் வகை என்று பதிந்திருந்தால் ஆம்புலிஃப்ட் எனும் தூக்கு வண்டிக்கு ஏற்பாடு செய்யலாம்.

இன்னொன்று: இடை விமான நிலையங்களில் வீல்சேர்க்காரர்களை ஒரு மூலையில் வரிசையாக உட்கார வைத்துவிட்டு ஆள் போய்விடுவார். அவர் போவதற்கு முன்பே "டாய்லெட்" என்ற ஒரு சொல்லைச் சொல்லிப் போய் வந்துவிடுங்கள். இங்கிலீஷ் வராதவர்கள் கையில், நோய், மாத்திரை, மகன் நம்பர் எல்லாம் இருக்கும் ஒரு பக்க ஆங்கிலக் குறிப்பு இருக்கட்டும். நான் எழுதித் தருகிறேன், அதற்கு ஃபீஸ் இல்லை.

டாய்லெட்டுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் ஆத்தாமார்களின் வழக்கம். கோபியில் காரில் ஏறும்போதே நிறுத்திவிடுவார்கள். கோவை விமான நிலையம் போக இரண்டு மணி நேரம், அங்கே மூன்று, அப்புறம் பயணம். விமானத்துக்குள் காற்றில் ஈரப்பதம் பத்து, இருபது சதவீதம்தான். நீர்ச்சத்து குறைந்த உடம்பு, காலையில் போட்ட பிரஷர் மாத்திரை, திடீரென எழுந்து நிற்பது. தலை சுற்றி விழ வேறென்ன வேண்டும்? 2013-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 604 விமானங்களுக்கு ஒன்றில் மருத்துவ அவசரம் வந்தது, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மயக்கமும் மயக்கம் வருவது போன்ற நிலையும்தான். வழிநடை ஓரத்துச் சீட்டைக் கேட்டு வாங்கி, மணிக்கு ஒரு தம்ளர் குடியுங்கள். தண்ணீர் அளவு குறைக்கச் சொல்லியிருக்கும் இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் என்னிடம் கேட்டுவிட்டு.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்பு புரோஸ்டேட் வீக்கம் உள்ள ஒரு பெரியவர். "அப்பா ஃபிளைட்ல தூங்கட்டுங்க" என்று மகன் போனில் கேட்டதால் ஒரு அவில் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டேன். பாதி வழியில் சிறுநீர் அடைத்துக்கொண்டது. அடிவயிறு பானையாக உப்பி, இறங்கிய ஊரில் பேரனைப் பார்ப்பதற்கு முன் ஆஸ்பத்திரியில் டியூப் போட்டுக்கொண்டார். அவிலும் அது போன்ற தூக்கம் தரும் சளி மாத்திரைகளும் இந்த வேலையைச் செய்யும். சில பெரியவர்களுக்கு இடம், நேரம் தெரியாத குழப்பமும் வரும். அதிலிருந்து பயணத்துக்கென்று தூக்க மாத்திரை நான் எழுதுவதில்லை.

மாத்திரைப் பை கையோடு வர வேண்டும், பெட்டிக்குள் கூடாது. இன்சுலின் சரக்கு அறையில் உறைந்து கெட்டுப்போகலாம். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியை, சாப்பாட்டுத் தட்டு கண்ணெதிரே வந்த பிறகே போடுங்கள். விமானம் குலுங்கினால் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள், ஊசி மட்டும் உள்ளே போயிருக்கும். பொடி தடவிய நாலு இட்லி கையில் இருந்தால் நல்லது, சட்னி உள்ளே விடமாட்டார்கள். அமெரிக்கா போனால் நாள் நீளும், சிங்கப்பூர் போனால் சுருங்கும். அதனால் இன்சுலின் நேரத்தை டிக்கெட்டை வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட முடியும். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரும் வேண்டும். நம் பாராசிட்டமாலுக்கு அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்று பெயர்.

ஷார்ஜா, அபுதாபி போகிறவர்கள் கவனிக்க: வலிக்கு எடுக்கும் டிரமடால், கால் எரிச்சலுக்கு இங்கே சர்வசாதாரணமாக எழுதப்படும் பிரீகாபலின் எல்லாம் அங்கே கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. அந்நாட்டுச் சுகாதாரத் துறையிடம் ஆன்லைனில் முன் அனுமதி வாங்காமல் கொண்டு போகாதீர்கள். சிங்கப்பூருக்குத் தூக்க மாத்திரை கொண்டுபோகவும் அனுமதி வேண்டும்.

கடைசியாகக் கால். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு இரு மடங்காகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ல் சொன்னது. அப்படியும் ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் வரும். ஆனால் வயது, பருமன், புற்றுநோய், சமீபத்திய ஆபரேஷன், ஏற்கெனவே ரத்தம் உறைந்த வரலாறு எல்லாம் அந்தக் கணக்கை மாற்றும். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்குவது, வழிநடையில் எழுந்து நடப்பது போதும். இறுக்கமான காலுறையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சர்க்கரைக்காரர்களின் பாதத்தில் நாடித் துடிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே அது.

போகும்போது பிள்ளைகள் போனில் பத்துத் தடவை நினைவூட்டுவார்கள். திரும்பி வரும் பயணத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. இருபது மணி நேரம் மடங்கி உட்கார்ந்து வந்து, கோவையில் இறங்கிய கையோடு காரில் இரண்டு மணி நேரம். பத்து நாள் கழித்து, "ஒரு காலு மட்டும் வீங்கிக் கெடக்குதுங்க, அங்க போட்ட ஷூ சேரலியாட்ட இருக்குது" என்பார்கள். வீட்டில் அதற்குள் விளக்கெண்ணெய் காய்ச்சி நீவி விட்டிருப்பார்கள். பயணம் முடிந்து சில வாரம்வரை இந்த ரத்த உறைவு வரலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதை வலித்தால் நீவாதீர்கள், அன்றைக்கே வந்துவிடுங்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் என் கிளினிக் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.