வெளிய பாத்தா 1930, உள்ள பிரிச்சா 1974: பழைய சூட்டு வாங்குறவங்களுக்கு ஒரு தையக்காரன் சொல்றது

போன மாசம் ஒரு பையன் கடைக்கு வந்தான், கல்யாண மாப்பிள்ளை, கையில பழுப்பு கலர் டபுள் பிரெஸ்ட் (முன்னாடி ரெண்டு வரிசை பட்டன்) சூட்டு. "இது 1930கள்ல தச்சது, கை மட்டும் அரை இஞ்சு இறக்கிக் குடுங்க"ன்னான். லண்டன்ல ஆல்டரேஷன் கடை வச்சிருக்கேன், பழைய கோட்டு நிறைய வரும், பாத்தவுடனே எனக்கும் ஆசையாதான் இருந்துச்சு. அகலமான லேப்பல் (காலருக்குக் கீழ நெஞ்சுல மடிஞ்சு கிடக்கற துணி), முதுகுல பெல்ட்டு, பெரிய பெரிய ஒட்டுப் பாக்கெட்டு. கை மடிப்பைப் பிரிச்சேன். உள்ள வெள்ளையா பேஸ்டிங் (விறைப்புக்காக உள்ள பசை வச்சு ஒட்டுற துணி), துணியோட ஒட்டிக்கிட்டு, புள்ளி புள்ளியா காஞ்சு போன பசை. பேண்ட்டை எடுத்துப் பாத்தா நைலான் ஜிப்பு. அவன் குடுத்த காசு 240 பவுண்டு. நான் எப்படிச் சொல்றதுன்னே தெரியாம கொஞ்ச நேரம் இஞ்சு டேப்பைச் சுத்திக்கிட்டு நின்னேன்.

இதுல ஒண்ணு புரிஞ்சுக்கணும், அந்த சூட்டு போலி கிடையாது. அது 1970கள்ல நேர்மையா தச்சு நேர்மையா வித்த சூட்டு, அந்தக் காலத்து ஆளுங்களுக்கு அவங்க அப்பா தாத்தா போட்ட 30கள் ஸ்டைல் மேல ஒரு பைத்தியம். 1967ல 'பானி அண்ட் கிளைட்' படம் வந்து அந்தக் காலத்து உடுப்பை எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க, 1969 பிப்ரவரி 14 அன்னைக்கு டாமி நட்டர்ங்கிற தையக்காரர் லண்டன்ல சூட்டுத் தையலுக்குப் பேர் போன சேவில் ரோ தெருவுல கடை திறந்து, துணி வெட்டுற எட்வர்ட் செக்ஸ்டனை வச்சு அகல லேப்பல் கோட்டுகளா தச்சுத் தள்ளினார் (பீட்டில்ஸோட 'ஆபி ரோட்' அட்டையில நாலு பேர்ல மூணு பேர் போட்டிருக்கறது அவர் தச்சதுதான், ஜார்ஜ் ஹாரிசன் மட்டும் ஜீன்ஸ் துணி), 1974ல 'தி கிரேட் கேட்ஸ்பி' படத்துக்கு ஆம்பளைங்க உடுப்பு ரால்ஃப் லாரன் குடுத்தார். அப்புறம் ஃபேக்டரிக்காரங்க சும்மா இருப்பாங்களா, கடைத்தெரு முழுக்க அதே ஸ்டைல்தான். இப்ப அதுக்கே ஐம்பது வயசு ஆயிடுச்சு, அதுலயும் அந்துப்பூச்சி ஓட்டை, அதுலயும் பீரோ வாசனை. அப்பனும் மகனும் ஒரே மாதிரி நரைச்சுட்டா யாரு அப்பன்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம்தானே.

விக்கிறவங்க எல்லாருமே ஏமாத்துறாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், பாதிப் பேருக்கு நிஜமாவே தெரியாது, லேப்பல் அகலத்தைப் பாத்து 1930ன்னு சீட்டு எழுதித் தொங்க விட்டுடறாங்க. லேப்பலைக் காப்பி அடிக்கிறது ரொம்ப சுலபம். அதனால நான் பேண்ட்டைத்தான் முதல்ல பாப்பேன். 1930கள் பேண்ட்டு தொப்புள் கிட்ட உக்காரும், பின்பக்கம் இடுப்பு மேல ஏறி மீன் வால் மாதிரி ரெண்டா பிரிஞ்சு நிக்கிறதும் இங்கிலாந்துல சகஜம், தோள் வார் மாட்ட பட்டன் இருக்கும், பல பேண்ட்டுல பெல்ட்டு போடுற வளையமே இருக்காது. எழுபதுகள்ல மேல கோட்டை மட்டும் தாத்தா மாதிரி தச்சுட்டு பேண்ட்டைத் தன் காலத்துக்குத் தச்சுட்டாங்க, இடுப்பெலும்புல உக்காரும், தொடை இறுக்கம், முட்டிக்குக் கீழ விரியும். கோட்டுல பின்னாடி கீழ ஓரத்துல இருந்து மேல போற வெட்டு பாருங்க. முப்பதுகள்ல நிறைய கோட்டுக்கு வெட்டே கிடையாது, எழுபதுகள்ல பத்து இஞ்சு பன்னெண்டு இஞ்சுன்னு கிட்டத்தட்ட இடுப்பு வரைக்கும் ஏறிப்போகும். அப்புறம் காலர். பழசுல லேப்பல் அகலமா இருந்தாலும் மேல கழுத்துல உக்காருற காலர் அளவா இருக்கும், எழுபதுகள்ல அதுவும் சேர்ந்து நாய் காது மாதிரி பெருசாயிடும்.

துணியைக் கையில தூக்கிப் பாருங்க. பதினாறு பதினெட்டு அவுன்ஸ் கம்பளித் துணி அந்தக் காலத்துல சாதாரணம், ஹீட்டர் இல்லாத வீட்டுல போட்டுக்கிட்டு உக்காந்திருந்த துணி அது, தூக்கினாலே போர்வை மாதிரி கனக்கும். பின்னாடி வந்தது பெரும்பாலும் அதுல முக்கால்வாசி கூட தேறாது. பாலியஸ்டர் கலந்திருந்தா பேச்சே வேண்டாம், டெரிலீன்ங்கிற பாலியஸ்டர் கண்டுபிடிச்சதே 1941ல, சூட்டுத் துணியா வந்தது ஐம்பதுகள்ல. சந்தேகமா இருந்தா உள் மடிப்புல இருந்து ஒரே ஒரு நூல் உருவி நெருப்புல காட்டுங்க, கம்பளி முடி கருகுற நாத்தம் அடிக்கும், பாலியஸ்டர் உருகிக் கறுப்பா மணி மாதிரி கெட்டியாயிடும். கடைக்காரர் முன்னாடி இதைச் செய்யாதீங்க, சொல்லிட்டேன்.

கோட்டோட நெஞ்சுப் பகுதியைக் கிள்ளிப் பாக்கறது இன்னொண்ணு. உள்ள கைத்தையல் போட்ட கேன்வாஸ் துணின்னா வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவுல தனியா ஒரு படலம் விரல்ல நழுவும், பேஸ்டிங் ஒட்டினதுன்னா எல்லாம் ஒண்ணா அட்டை மாதிரி இருக்கும், பழசாயிட்டா பசை விட்டு அங்கங்க கொப்புளம் கூட போட்டிருக்கும். அந்தப் பசை வச்ச ஒட்டு அறுபது எழுபதுகள்லதான் ஃபேக்டரிகள்ல பரவுச்சு.

இப்ப ஜிப்பு. இதுல நானே நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். பல வருசம் முன்னாடி ஒருத்தர் ஒரு சாம்பல் கலர் சூட்டு கொண்டு வந்து, பேண்ட்டு கால் ரொம்ப அகலம், குறுக்கிக் குடுங்கன்னார். ஃபிளைய, அதாவது பேண்ட்டு முன்பக்கத் திறப்பைத் திறந்தேன், நைலான் ஜிப்பு, சரி எழுபதுகள் சரக்குதான்னு முடிவு பண்ணி ரெண்டு காலையும் வெட்டிட்டேன். வெட்டி முடிச்சு கோட்டை பிரஷ் பண்றப்ப உள்பாக்கெட்டைத் திருப்பினா, உள்ள ஒரு துணிச் சீட்டு, தையக்கடை பேரு, மையில எழுதின வாடிக்கையாளர் பேரு, 1938ன்னு வருசம். கையெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு. ஃபிளையை மறுபடி பாத்தேன், ஜிப்புக்குப் பின்னாடி மூடித் தச்ச பழைய காஜா ஓட்டை அஞ்சும் அப்படியே இருக்கு, பழைய தையல் போன துளை வரிசையும் இருக்கு. எவனோ பின்னாடி காலத்துல பட்டனை எடுத்துட்டு ஜிப்பு போட்டிருக்கான், அவ்வளவுதான். அதைப் பாக்காம வெட்டினது நான். வெட்டின துணியை அவர்கிட்டயே குடுத்து, கூலி வாங்கலை, அதுல போன மரியாதை போனதுதான்.

அதனால ஒரு ஜிப்பை வச்சு வருசம் சொல்லாதீங்க. உலோக ஜிப்பு 1930கள்லயே சூட்டுல வந்துடுச்சு, இங்கிலாந்துல பட்டன் ஃபிளை ஐம்பதுகள் வரைக்கும் ஓடுச்சு, ரெண்டுமே எதையும் நிரூபிக்காது. பின்னாடி வந்த நைலான் ஜிப்பு இருந்து அது முதல்ல இருந்தே அங்க இருந்ததுன்னு தையல் துளை சொன்னாதான் கணக்கு. நல்ல தையக்கடையில அளவெடுத்து தச்ச கோட்டுன்னா உள்பாக்கெட்டுக்குள்ள அந்தச் சீட்டைத் தேடுங்க, அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

அமெரிக்கக் கோட்டுன்னா இன்னும் வசதி, அந்த ஊரு லேபிளும் சட்டமும்தான் நமக்கு காலண்டர். உள்பாக்கெட்டுல அமால்கமேட்டட் கிளாதிங் ஒர்க்கர்ஸ் தொழிற்சங்கத்தோட சின்ன லேபிள் பல கோட்டுல இருக்கும், அதுல 1949ன்னோ 1962ன்னோ பொடி எழுத்துல அச்சடிச்சிருக்கும், அந்த லேபிள் டிசைன் வந்த வருசம் அது, கோட்டு தச்ச வருசம் இல்ல, ஆனா அதுக்கு முன்னாடி தச்சிருக்க முடியாது. 1976ல அந்த சங்கம் ஜவுளித் தொழிலாளர் சங்கத்தோட சேர்ந்து பேரே மாறிடுச்சு. என்ன நார் எத்தனை சதவீதம்னு எல்லாத் துணிக்கும் எழுதியாகணும்னு சட்டம் நடைமுறைக்கு வந்தது 1960ல, எப்படித் துவைக்கணும்னு லேபிள் கட்டாயம் ஆனது 1972ல. நூல் உருண்டை மாதிரி இருக்கே உல்மார்க் முத்திரை, அது 1964. இந்த லேபிளைக் கத்தரிச்சுட்டு விக்கிறவங்களும் உண்டு, ஓரத் தையல்ல வெள்ளையா ரெண்டு மில்லிமீட்டர் நுனி மிச்சம் நிக்கும், நகத்தால தடவினாலே தெரியும்.

இங்கிலாந்துல சிசி41 முத்திரையைப் பாத்து நிறைய பேரு ஏமாறுறாங்க. ரெண்டாம் உலகப் போர் காலத்துல அரசாங்கம் கட்டுப்படுத்தித் தச்ச உடுப்புக்குப் போட்ட முத்திரை அது, அந்த யூட்டிலிட்டி திட்டம் 1941ல ஆரம்பிச்சு 1952 வரைக்கும் ஓடுச்சு. டபுள் பிரெஸ்ட் கூடாது, பேண்ட்டு கால் மடிப்பு கூடாதுன்னு சிக்கன உத்தரவு போட்டது 1942ல, ஆம்பளைங்களுக்கு அதை 1944லயே தளர்த்திட்டாங்க. அதனால சிசி41 போட்ட டபுள் பிரெஸ்ட் கோட்டு பொய்யுன்னு சொல்ல முடியாது, ஆனா போர் உச்சத்துல தச்சதுன்னு கதை சொன்னா கொஞ்சம் யோசிங்க. லேபிளைத் தச்சிருக்கற நூலும் கோட்டு நூலும் ஒரே வயசான்னு பாருங்க, தனி லேபிள் சந்தையில கிடைக்குது.

எனக்குப் பிடிச்ச குழப்பம் டெடி பாய் கோட்டுதான். போர் முடிஞ்சதும் சேவில் ரோ தையக்காரங்க எட்வர்ட் ராஜா காலத்து நீளக் கோட்டை, அதாவது 1901-1910 ஸ்டைலை, பணக்காரங்களுக்கு மறுபடி தச்சாங்க. அதை ஐம்பதுகள் ஆரம்பத்துல ஏழைப் பசங்க புடிச்சுக்கிட்டாங்க, 1953ல பத்திரிகைக்காரங்க டெடி பாய்னு பேரு வச்சாங்க (எட்வர்டோட செல்லப் பேருதான் டெடி). 1971ல கிங்ஸ் ரோடு 430ல மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் அதையே திரும்ப விக்க ஆரம்பிச்சாங்க. காப்பிக்குக் காப்பி. ஐம்பதுகள் கோட்டு பெரும்பாலும் அடங்கின கலர், கனமான கம்பளி, வெல்வெட் காலர், எழுபதுகள் கோட்டு கண்ணைக் கூசுற நீலம், ரோஸ், சிறுத்தைப் புள்ளி காலர், மெல்லிசு துணி.

நாப்பதுகள் மாதிரி இருக்கற எண்பதுகள் கோட்டுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். லேப்பல் வெட்டும் பட்டனும் கீழ இறங்கிக் கிடக்கும், தோள்ல ஸ்பாஞ்சு தலையணை, கோட்டைப் போட்டவுடனே தெரிஞ்சுடும்.

ஆன்லைன்ல வாங்குறீங்கன்னா முன்பக்க போட்டோவை நம்பிக் காசு கட்டாதீங்க. உள்பாக்கெட்டைத் திருப்பி ஒரு போட்டோ, ஃபிளை உள்பக்கம் ஒண்ணு, இடுப்புப் பட்டி உள்ள ஒண்ணு, அக்குள்கிட்ட லைனிங் ஒண்ணு கேளுங்க. அனுப்பத் தயங்கினா அடுத்த கடைக்குப் போங்க.

அந்த மாப்பிள்ளைப் பையன்கிட்ட கடைசியில சொல்லிட்டேன். ஒரு நிமிசம் கம்முன்னு இருந்தான், அப்புறம் "எங்க அப்பா கல்யாணத்துக்கு இதே மாதிரிதான் போட்டிருந்தார், 1975"ன்னு சொல்லிட்டு சிரிச்சான். கை அரை இஞ்சு இறக்கியாச்சு, பழைய மடிப்புக் கோடு மட்டும் எவ்வளவு ஆவி புடிச்சும் போகலை.