நகர்ப்புற வீடற்றோர் காப்பகம்: படுக்கைக் கணக்கும் ஆள் கணக்கும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்திய நகரங்களில் ஏறத்தாழ 9.4 லட்சம் பேர் வீடின்றி வாழ்ந்தனர். உணவு உரிமைக்காக 2001-இல் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், வீடற்றோரின் நிலையையும் கருத்தில் கொண்ட உச்ச நீதிமன்றம், ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வீதம், இரவு பகலாக ஆண்டு முழுவதும் இயங்கும் இடங்களை அமைக்க 2010-இல் உத்தரவிட்டது. அந்த உத்தரவைச் செயல்படுத்தும் வழியாக, மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் ஒரு பிரிவாக 2013-இல் வந்ததே நகர்ப்புற வீடற்றோருக்கான காப்பகத் திட்டம்.

திட்டத்தின் வழிகாட்டு நெறிகள் தெளிவானவை. ஒரு காப்பகத்தில் 50 முதல் 100 பேர் வரை தங்கலாம். ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் வேண்டும். காற்றோட்டம், குடிநீர், குளியலறை, கழிப்பறை, சமைக்கும் இடம், முதலுதவிப் பெட்டி, போர்வை, உடைமைகளைப் பூட்டி வைக்கத் தனிப்பெட்டி ஆகியவை இருக்க வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் தனித்தனிக் காப்பகங்களும், ஆதரவற்ற முதியோர், மனநலம் குன்றியோர், நோயிலிருந்து தேறிவருவோர் ஆகியோருக்குச் சிறப்புக் காப்பகங்களும் அமைக்கப்பட வேண்டும். அவை ஊருக்கு வெளியே அல்லாமல், இம்மக்கள் உழைத்துப் பிழைக்கும் சந்தை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களுக்கு அருகில் இருக்க வேண்டும் என்ற விதி மிக முக்கியமானது. விடியற்காலையில் மூட்டை தூக்கப் போகிறவர் ஐந்து மைல் தள்ளியிருக்கும் காப்பகத்துக்கு வரமாட்டார்.

கூரையும் கட்டிலும் இத்திட்டத்தின் பாதிதான். அங்கே தங்குபவருக்கு ஆதார், வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, முதியோர் உதவித்தொகை, குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, அரசு மருத்துவமனைச் சிகிச்சை ஆகியவற்றைப் பெற்றுத்தருவதும் காப்பகத்தின் கடமையாக வகுக்கப்பட்டுள்ளது. முகவரிச் சான்று இல்லாதவருக்கு, அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் தலைவர் உரிய படிவத்தில் அளிக்கும் சான்றிதழை ஆதார் சேர்க்கைக்கு ஏற்கிறார்கள். வீடற்றவர் வாக்காளராகப் பதிய விண்ணப்பித்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் நேரில் சென்று அவர் அங்கேதான் உறங்குகிறார் என்று உறுதி செய்தாலே போதும். வேறு இருப்பிட ஆவணம் தேவையில்லை.

இவ்வளவையும் செய்யப்போவது யார் என்ற கேள்வியில்தான் திட்டம் தடுமாறுகிறது. காப்பகத்தை உள்ளாட்சி அமைப்பு நேரடியாகவோ, தேர்ந்தெடுத்த தொண்டு நிறுவனத்தின் மூலமோ நடத்தலாம். ஒரு மேலாளரும், எட்டு மணி நேர ஷிப்டுக்கு ஒருவர் என மூன்று காப்பாளர்களும் இருக்க வேண்டும் என்பது அடிப்படை அளவு. வாரத்துக்கு மொத்தம் 21 ஷிப்டுகள் வருகின்றன. மூவரும் ஆளுக்கு ஏழு ஷிப்டு பார்த்தால்தான் கணக்கு நேராகும். அதாவது ஒருவருக்கும் வார விடுமுறை கிடையாது. ஒருவர் காய்ச்சலில் படுத்தால், மற்றொருவர் பதினாறு மணி நேரம் நிற்க வேண்டியதுதான். விடுமுறையோடு நடத்த நான்காவது காப்பாளர் கட்டாயம் தேவை என்பது எளிய பெருக்கலிலேயே தெரிகிறது.

அடுத்தது பணம். 50 பேர் தங்கும் காப்பகத்தை நடத்த 2013 நெறிகள் ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் வகுத்தன. மாதத்துக்கு 50,000 ரூபாய். தங்குபவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 33 ரூபாய். மேலாளர், மூன்று காப்பாளர்கள் என நால்வருக்கும் தலா 10,000 ரூபாய் கொடுத்தால் 40,000 போய்விடும். மீதமுள்ள பத்தாயிரத்தில் மின்கட்டணம், துப்புரவு, போர்வை சலவை, குழாய் பழுது எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தொகை தவணையாக வந்ததால், ஒரு தவணை தாமதமானால் முதலில் நின்றது சம்பளம்தான். அதன் பிறகு நல்ல காப்பாளர் ஒருவர் வேறு வேலைக்குப் போனால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அவர் போகும்போது காப்பகம் இழப்பது ஒரு காவலாளியை மட்டுமன்று. யார் காசநோய் மாத்திரையை விழுங்காமல் துப்புகிறார், குடியை நிறுத்திய ஓரிரு நாளில் யாருக்குக் கை நடுங்கி வலிப்பு வரக்கூடும், எந்தப் பெண் யாரைக் கண்டு பயந்து வந்திருக்கிறார் என்பதெல்லாம் பதிவேட்டில் இல்லை. அவர் மனத்தில் இருந்தது. தெருவில் பல ஆண்டுகள் கழித்தவர் ஒரு மனிதரை நம்பித் தன் உண்மைப் பெயரைச் சொல்லவே மாதங்கள் ஆகலாம். ஆள் மாறும்போது அந்த நம்பிக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தப் பணிக்கு முறையான பயிற்சியும், பணியாளரின் மனச்சோர்வைக் கேட்டறிய ஒரு மூத்தவரும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மனநோயுள்ளவர்களுக்கான சிறப்புக் காப்பகங்களில் இது இன்னும் கடுமையாகிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, வீடற்றோருக்கு அரசு மனநல நிலையங்களில் கட்டணமில்லாச் சிகிச்சையை உரிமையாக்குகிறது. 19-ஆம் பிரிவு, சமூகத்தில் வாழும் உரிமையை ஏற்று, அதற்கான இல்லங்களை அமைக்கும் பொறுப்பை அரசின்மேல் வைக்கிறது. மனநோயுள்ள வீடற்றோருக்காகச் சென்னையில் 1993-இல் தொடங்கிய பான்யன் தொண்டு அமைப்பின் ‘ஹோம் அகெய்ன்’ முயற்சி இதற்கு நல்ல முன்மாதிரி. நீண்டகாலம் நிறுவனங்களில் அடைபட்டிருந்தவர்கள், நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருக்களிலுள்ள வாடகை வீடுகளில், உதவியாளர்களின் துணையோடு வாழ்கிறார்கள். அந்த வீட்டை வீடாக்குவது உடனிருக்கும் உதவியாளரே.

வாழ்வாதார இயக்கத்தின் காலம் 2024 செப்டம்பரில் முடிவடைந்தது. ஆயினும் உறைவிடத்துக்கான உரிமையை வாழ்வுரிமையின் பகுதியாக உச்ச நீதிமன்றம் கண்டது என்பதால், மாநில அரசும் உள்ளாட்சியும் பொறுப்பிலிருந்து விலக முடியாது. தமிழ்நாட்டு நகரங்களில் 2022 முதல் நடைபெறும், வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்களில் இதை எழுப்பலாம். நம் வட்டாரக் காப்பகத்தில் எத்தனை படுக்கை என்பதோடு, இரவு ஷிப்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், பெண்கள் காப்பகத்தில் இரவில் பெண் காப்பாளர் உண்டா, அவர்களுக்குக் கடைசியாக எந்த மாதச் சம்பளம் கொடுக்கப்பட்டது என்பவற்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் பெற வேண்டும்.