வெளியே 13, உள்ளே 7: ஹாங்சோ கோபுரத்தின் கணக்கு

சீனா போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஹாங்சோவில் சியான்டாங் ஆற்றங்கரையில் இருக்கும் லியூஹே கோபுரத்துக்கு வெளியிலிருந்து எண்ணினால் 13 அடுக்கு. ஏறிப் பார்த்தால் 7 தளம்தான். மீதி 6 எங்கே?"

நல்ல கேள்வி. முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.பி. 970-இல், ஹாங்சோவைத் தலைநகராகக் கொண்டிருந்த வூயூ என்ற சிற்றரசின் மன்னர் சியான் சூ இதைக் கட்டுவித்தார். ஆற்றில் எதிரேறி வரும் கடல் ஓதத்தை அடக்கத்தான் கோபுரம் என்பது நம்பிக்கை. இந்த ஆறு கடலில் சேரும் ஹாங்சோ குடாவின் வாய் சுமார் 100 கிலோமீட்டர் அகலம். உள்ளே போகப் போகச் சில கிலோமீட்டராகச் சுருங்குகிறது, அடியில் மணல்மேடு வேறு. உள்ளே நுழைந்த நீருக்குச் செங்குத்தாக எழும்புவதைத் தவிர வழியில்லை. இதைக் கோபுரமா தடுக்கும்? மன்னரின் பாட்டனார் சியான் லியூ இந்த ஓதத்தின் மேல் அம்பு விட்டார் என்று ஒரு கதை உண்டு. ஆனால் 910-இல் அவரே மூங்கில் கூடைகளில் கல்லை நிரப்பி, மரத்தூண் அடித்துக் கரையும் கட்டினார். ஊரைக் காத்தது அந்தக் கூடைகள்தான். பெயர் என்னவோ அம்புக்குப் போய்விட்டது. கோபுரத்தால் பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது. இரவில் விளக்கேற்றி வைத்தால் படகுகளுக்கு வழி தெரிந்தது.

1121-இல் கலகப் போரில் கோபுரம் அழிந்தது. 1152-இல் தொடங்கி, சுமார் பத்தாண்டுகளில் மறுபடி எழுப்பினார்கள். இன்று உள்ளே நிற்கும் செங்கல் உடல் அப்போதையது.

இனி நமக்குப் பிடித்த பகுதி. எண்கோண வடிவில் தடித்த வெளிச்சுவர், அதற்குள் நடைவழி, பிறகு உட்சுவர், நடுவில் சிறிய அறை. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு செங்கல் குழாய்கள். படிக்கட்டு இரண்டுக்கும் இடையிலுள்ள நடைவழியிலேயே சுற்றிச் சுற்றி ஏறுகிறது. தளங்கள் இரு சுவர்களையும் பிணைப்பதால், கிட்டத்தட்ட 60 மீட்டர் உயரமும் ஒரே உடலாக நிற்கிறது. இன்றைய வானளாவிகளிலும் இதே உத்தி உண்டு.

இந்த உடலுக்கு வெளியே மரத்தால் தாழ்வாரமும் கூரையும். அங்கேதான் கண்கட்டு வித்தை. 1, 3, 5 என ஒற்றைப்படை அடுக்குகளில் உட்தளத்திலிருந்து தாழ்வாரத்துக்கு வாசல் உண்டு. இரட்டைப்படை அடுக்குகளுக்குப் பின்னால் அறையே கிடையாது, வெறும் சுவர். ஆக 7 திறந்தவை, 6 குருட்டு அடுக்குகள். வாசகர் தேடிய ஆறும் அவைதான்.

மரம் மழையைத் தாங்கிக்கொள்கிறது. பாரம் முழுவதும் செங்கல் மேல். அதனால் மரம் எரிந்தாலும் உளுத்தாலும் கோபுரம் விழாது. மழைக்கோட்டு கிழிந்தால் வேறு கோட்டு மாட்டிக்கொள்கிறோம் இல்லையா, அந்த மாதிரி. இப்போதிருக்கும் மர உறை 1900-இல் மாட்டியதுதான். இப்படி உறை மாற்றும் வேலைக்குப் பணம் ஒதுக்க எந்த நாட்டிலும் ஆட்சியாளர்களுக்கு மனம் வருவதில்லை. திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் வராதே!

கட்டடக்கலை வரலாற்றாளர் லியாங் சீசெங்குக்கு அந்த 1900 உறை பிடிக்கவே இல்லை. உள்ளே 7 என்றால் வெளியிலும் 7 கூரைதான் இருந்திருக்கும் என்று வாதிட்டு, கோபுரத்தை மறுபடி எழுப்பிய சோங் அரச மரபுக் காலத் தோற்றத்தை மீட்க 1935-இல் வரைபடமே தயாரித்தார். அது செயலுக்கு வரவில்லை. எனக்கென்னவோ அவர் பக்கம்தான் நியாயம் என்று படுகிறது.