மாலே கிணறுகள் உப்பான கதை

"மாலத்தீவில் சென்னையைவிட அதிக மழை. அப்படியிருந்தும் 2014 டிசம்பரில் இந்தியா விமானத்தில் குடிநீர் அனுப்பியதே, ஏன்? வேலை தேடிப் போய்க் குவிந்தவர்கள்தான் காரணமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

தலைநகர் மாலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் தீப்பிடித்தது. ஒரு லட்சம் பேருக்குக் குழாயில் தண்ணீர் நின்றது. உடனடிக் காரணம் அவ்வளவுதான். ஆனால் ஒரு தலைநகரம் முழுக்க ஏன் அந்த ஒரு நிலையத்தையே நம்பி இருந்தது? அங்கே முன்பு வீட்டுக்கு வீடு கிணறு இருந்தது. கிஃபிலி என்று சொல்வார்கள்: கூரையில்லாத குளியலறை, அதிலேயே ஆழமில்லாத ஒரு கிணறு.

அந்தக் கிணற்றுக்குத் தண்ணீர் வந்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். மாலத்தீவில் ஆறு கிடையாது. பவளம் நொறுங்கிச் சேர்ந்த மணலில் மழை நேராக உள்ளே இறங்கிவிடும். அடியில் ஏற்கெனவே கடல் ஊறி நிற்கிறது. ஒரு கன மீட்டர் நன்னீர் 1,000 கிலோ. கடல்நீர் சுமார் 1,025 கிலோ. எனவே மழைநீர் கடல்நீர்மேல் மிதக்கிறது, சட்டியில் கிடக்கும் ஆப்பம் போல நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்து.

எவ்வளவு தடிமன்? 41 மீட்டர் உயர நன்னீரும் 40 மீட்டர் உயரக் கடல்நீரும் ஒரே எடை. பெருக்கிப் பாருங்கள், இரண்டுக்கும் 41,000 வரும். அதாவது கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், அதைத் தாங்கக் கீழே 40 மீட்டர் நன்னீர் இருக்கிறது! நெதர்லாந்தில் படோன் கைபென் என்ற பொறியாளர் 1880களின் கடைசியிலும், ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்க் என்ற பொறியாளர் 1901இலும் தனித்தனியாக இதை எழுதினார்கள்.

இறைக்கும்போது இதே கணக்கு திரும்பி அடிக்கும். நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கினால், நாளடைவில் கடல் கீழிருந்து 4 மீட்டர் ஏறிவிடும். மேலிருந்து எட்டிப் பார்த்தால் கிணறு நிறைந்தே தெரியும். சின்னத் தீவுகளில் நிலைமை இன்னும் மோசம். கடல் ஏறி இறங்கும்போதெல்லாம் இரண்டு நீரும் கலப்பதால், ஆப்பம் கணக்கில் வருவதைவிட மெலிந்துதான் இருக்கும்.

மாலே இரண்டு சதுர கிலோமீட்டர் அளவுதான். 1977இல் ஏறக்குறைய 30,000 பேர். 2006இல் ஒரு லட்சத்துக்கு மேல். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை என்று மற்றத் தீவுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வங்கதேசம், இந்தியா, இலங்கையிலிருந்து கூலி வேலைக்கும் வந்தார்கள். எல்லோருக்கும் அதே ஒரு ஆப்பம். மழை இறங்க வேண்டிய மணலைக் கட்டடங்கள் மூடின. கழிவுக்குழிகள் கிணற்றுக்குப் பக்கத்திலேயே இருந்தன. 1978இல் காலரா வந்தது. கிணறுகளும் உப்பானதால், 1980களின் கடைசியில் கடல்நீரைச் சுத்திகரிக்கத் தொடங்கினார்கள்.

ஆகவே வாசகருக்கு என் பதில்: தலைக்கணக்கு உண்மை. ஆனால் பழியைக் கட்டடம் கட்ட வந்த தொழிலாளியின் தலையில் வைப்பதை என்னால் ஏற்க முடியாது. நல்ல பள்ளியும் ஆஸ்பத்திரியும் சொந்தத் தீவிலேயே இருந்திருந்தால் பாதிப் பேர் மாலேக்கு வந்திருக்கவே மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலும் சுண்ணாம்புக்கல்லுக்குள் இதே மாதிரி நன்னீர் மிதக்கிறது. புத்தூர் பக்கம் நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை என்பார்கள். அதில் போட்ட எலுமிச்சம்பழம் கடலோரத்துக் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்றும் சொல்வார்கள். அந்தக் கிணற்றுக்கு அடி உண்டு. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர்நீர். எலுமிச்சம்பழத்தைவிட எனக்கு இதுதான் பெரிய அதிசயம். துலாவில் இறைத்த காலத்தில், ஊறும் வேகத்துக்கு மேல் யாராலும் இறைத்திருக்க முடியாது. மோட்டாருக்கு அந்தத் தடை இல்லை. கரையோரம் பல கிணறுகள் உவராகிவிட்டன. உப்பை அளக்கும் கருவி கைக்குள் அடங்கும், விலையும் அதிகமில்லை. ஊருக்குப் பத்துக் கிணறு, மாதம் ஒரு அளவு, அதைக் குறித்து வைக்கச் சம்பளத்துக்கு ஒரு ஆள். ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் முதலில் இதற்குக் கொடுங்கள் என்று கேட்பேன்.