பாட்டனார் காடு வெட்டிய ஆண்டு எது? வன்னிக் குடியேற்றக் குடும்பங்களின் பதிவுகளைத் தேடும் வழி

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் குடும்ப வரலாறு தேடப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பாட்டனார் கிளிநொச்சியில் காணி வெட்டிக் குடியிருந்தவர், அப்படியென்றால் அவருடைய பெயர் கிளிநொச்சியில்தானே இருக்கவேண்டும் என்று பிரதேச செயலகத்துக்கும் மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் நடக்கிறார்கள். "எல்லாம் சண்டையில எரிஞ்சு போச்சு" என்ற பதிலோடு வீடு திரும்புகிறார்கள். எரிந்தது உண்மை. ஆனால் அவர்கள் தேடிப்போன கடதாசிகளில் பல அந்தக் கட்டடத்துக்கு ஒருநாளும் வந்ததேயில்லை.

கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதுவரை அது யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதி. முல்லைத்தீவு 1978இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன் அதன் பெரும்பகுதிக்கு வவுனியாதான் மாவட்டத் தலைமையகம். ஆகவே 1938இல் கிளிநொச்சியில் காணி பெற்றவரின் விண்ணப்பமும், காணி பெறுபவர்களைத் தெரிவுசெய்யும் கூட்டமான காணிக் கச்சேரியின் குறிப்பும் போனது யாழ்ப்பாணக் கச்சேரிக்கு. 1965இல் ஒட்டுசுட்டானில் காணி பெற்றவருக்கு வவுனியா. முதலில் ஆண்டைப் பிடியுங்கள். அந்த ஆண்டில் அந்த ஊர் எந்த அலுவலகத்துக்குக் கீழ் இருந்தது என்று பாருங்கள். பிறகு நடக்கலாம்.

ஆண்டைப் பிடிக்கக் குளங்கள் உதவும். கிளிநொச்சி வயல்களுக்கு நீர் கொடுக்கும் இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920 அளவில் முதற்கட்டம் முடிந்தது. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தோடு, அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் பெர்மிட் முறை வந்தது. 1930களின் நடுப்பகுதியில் கிளிநொச்சியில் நெற்காணிக் குடியேற்றம் எழுந்தது. 1950களில் வட்டக்கச்சி, அதையடுத்து வவுனிக்குளம், 1960களில் முத்தையன்கட்டு, விசுவமடு இளைஞர் குடியேற்றத் திட்டங்கள். இளைஞர் திட்டத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் கலியாணம் ஆகாதவர்கள். அவர்களுடைய விவாகப் பதிவைக் காணி கிடைத்த ஆண்டுக்கு முன்னால் தேடிப் பயனில்லை. மற்றக் குடியேற்றங்களில் குடும்பகாரருக்குத்தான் முன்னுரிமை, அங்கே தேடலைப் பின்னோக்கி நகர்த்தவேண்டும்.

வயது போனவர்களிடம் "எத்தனையாம் ஆண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டால் வருகிற விடை பத்து வருடம் அங்கே இங்கே போகும். நடந்ததை வைத்துக் கேளுங்கள். 1957 டிசம்பர் வெள்ளத்துக்கு முன்னா, பின்னா? 58 கலவரத்தின்போது இங்கே இருந்தீர்களா? 1964 டிசம்பர் சூறாவளியில் வீட்டுக் கூரை போனதா? மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலை ஏறிய 1970களின் முற்பகுதியில் கிணறு கட்டியாகிவிட்டதா? 77 கலவரத்துக்குப் பின் அயலில் யார் வந்து குடியேறினார்கள்? இப்படி மூன்று நான்கு கேள்விகளிலேயே ஆண்டு இரண்டு மூன்று வருட இடைவெளிக்குள் வந்து நிற்கும்.

பிறப்புப் பதிவு இருக்கும் இடம்

பிறப்பு, இறப்புப் பதிவு இலங்கையில் 1867இன் சட்டத்தோடு முறையாகத் தொடங்கியது. முதல் தலைமுறைக் குடியேற்றவாசிகளின் பிள்ளைகளை வன்னிப் பதிவாளர் பிரிவுகளில் தேடிக் காணாதவர்கள் பலர். காரணம் எளியது: முதற்பேறு தாய்வீட்டில் நடப்பது வழக்கம். அதோடு அந்தக் காலத்து வன்னி மலேரியாக் காடு. ஆண்கள் கொட்டில் போட்டுக் காடு வெட்ட, பெண்களும் குழந்தைகளும் ஊரிலேயே இருந்த குடும்பங்கள் ஏராளம். டி.டி.டி. மருந்தடிப்பு வந்த 1940களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் குடும்பமாகத் தங்குவது பரவலானது. ஆகவே புங்குடுதீவு, வேலணை, சாவகச்சேரி, பருத்தித்துறை என்று தாயின் ஊர் எதுவோ, அந்த ஊர்ப் பதிவாளர் பிரிவைக் கேளுங்கள். தகப்பனின் ஊரில் தேடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு.

பதிவின் ஒரு பிரதி மாவட்டப் பதிவகத்திலும் மறுபிரதி பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய ஆவணக் காப்பகத்திலும் இருக்கவேண்டும். மாவட்டத்தில் இல்லை என்று சொன்னால் மத்தியில் கேட்காமல் விடாதீர்கள். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் காலவரையறை கொடுத்துத் தேடுவிக்கலாம். வரையறை குறுகக் குறுகக் கிடைக்கும் வாய்ப்புக் கூடும். ஒருவருடைய பெயர் வீட்டில் ராசாத்தி, பதிவில் இராசலட்சுமி, பாடசாலையில் ராஜலக்ஷ்மி என்று மூன்று மாதிரி இருக்கும். மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

பிறப்புச் சான்றிதழே கிடைக்காவிட்டால் பாடசாலைச் சேர்விடாப்பு, அதாவது பிள்ளைகளைச் சேர்த்த பதிவேடு. இதை நாடுபவர்கள் குறைவு என்பது பெரிய கவலை, ஏனென்றால் அதில் "முன்னர் படித்த பாடசாலை" என்றொரு நிரல் உண்டு. குடியேற்றப் பள்ளிக்கூடத்தில் 1952இல் சேர்ந்த பிள்ளையின் வரிசையில் அந்த நிரலைப் பார்த்தால் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்த வகுப்பு நடுவில், எந்த மாதத்தில் வந்தது என்பது தெரிந்துவிடும். வன்னிப் பாடசாலையின் இடாப்பு அழிந்திருந்தாலும், பிள்ளை விட்டுவந்த பாடசாலையில் விடுகைப் பத்திரம் கொடுத்த குறிப்பு இருக்கக்கூடும்.

பெர்மிட்டை வாசிப்பது

பெர்மிட் வீட்டிலிருந்தால் அதன் முன்பக்கத்தை மட்டும் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு திருப்திப்படாதீர்கள். பின்பக்கக் குறிப்புகளில்தான் குடும்பம் இருக்கிறது: பின்னுரித்தாளராக யாரை நியமித்தார், எப்போது மாற்றினார் என்பவை. அங்கே ஒரு மகனின் பெயர் மட்டும் இருந்தால் மற்றப் பிள்ளைகள் இல்லை என்று முடிவு கட்டவேண்டாம். பெர்மிட் காணியைத் துண்டாடக்கூடாது என்பதால் ஒருவரை மட்டும் காட்டுவது வழக்கம். நியமனம் இல்லாதபோது ஆண் பிள்ளைகளை முன்னிறுத்திய உரித்து ஒழுங்கும் நெடுங்காலம் இருந்தது. பெண் பிள்ளைகள் இந்தக் கடதாசிகளிலிருந்து மறைந்துபோவது இதனால்தான். அவர்களைச் சீதன உறுதிகளில், அதாவது சீதனமாகக் காணி எழுதிக் கொடுத்த பத்திரங்களில் தேடுங்கள்.

பெர்மிட்டின் திகதியை வந்த திகதியாக எடுப்பது இன்னொரு தவறு. காட்டை வெட்டிப் பிடித்து, ஆண்டுக்கணக்கில் குடியிருந்தபின் ஒழுங்குபடுத்திக் கொடுத்த காணிகள் ஏராளம். தொலைந்ததற்குப் பதிலாகத் திருப்பிக் கொடுத்த பெர்மிட்டில் புதிய திகதிதான் இருக்கும்.

பெர்மிட் இல்லையென்றால் காணித் துண்டின் இலக்கத்தையும் வரைபட இலக்கத்தையும் பிடியுங்கள். வாய்க்கால் இலக்கம், இடதுகரையா வலதுகரையா, பக்கத்துக் காணிக்காரர் யார் என்பவை தெரிந்தாலே நில அளவைத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் வரைபடத்தை அடையாளம் காணலாம். வரைபடத்தோடு துண்டு வாரியாக உரிமை கோரியவர்களின் பெயர்ப் பட்டியலும் இருப்பதுண்டு. வரைபடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல் அந்தப் பட்டியலையும் கேளுங்கள்.

யாழ் குடாநாட்டுப் பக்கம் பழைய உறுதி அகப்பட்டால் அளவுகளே வழிகாட்டும். குடியேற்றக் காணி ஏக்கர், றூட், பேர்ச் கணக்கு. யாழ்ப்பாண நில அளவுகளான பரப்பும் லாச்சமும் எழுதியிருந்தால் அது ஊர்க்காணி. 16 லாச்சம் வரகுக்காணி ஒரு ஏக்கர். நெற்காணியென்றால் 24 லாச்சம். உறுதியில் "முதுசம்" என்றிருந்தால் பெற்றார் வழி வந்தது, "தேடியதேட்டம்" என்றால் கலியாணத்துக்குப் பின் தேடியது. முதுசம் என்று எழுதிய இடத்தில் முந்திய உறுதியின் இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் இருக்கும். அதைப் பிடித்துக் காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேட்டுப் பிரதி) எடுத்தால் இன்னொரு தலைமுறை கிடைக்கும்.

மரண அறிவித்தலும் நினைவு மலரும்

எமது மக்களிடம் இருக்கும் மிகச் சிறந்த வம்சாவளி ஆவணம், மரணத்தின் பின் செய்யும் சடங்கான அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவு மலர். பலவற்றின் கடைசிப் பக்கங்களில் நான்கு ஐந்து தலைமுறைக்கு வம்சாவளி அட்டவணை இருக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் இத்தகைய மலர்கள் நிறைய உள்ளன. பாட்டனாரின் மலர் இல்லாவிட்டாலும் அவருடைய சகலன், சம்பந்தி, மைத்துனர் ஆகியோரின் மலர்களைப் பாருங்கள்.

பத்திரிகை மரண அறிவித்தலைச் சொல் சொல்லாக வாசிக்கவேண்டும். "புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும் வட்டக்கச்சியை வதிவிடமாகவும் கொண்ட இன்னார்" என்ற ஒரு வரியிலேயே இரண்டு தேடல் இடங்கள் உள்ளன. "காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் மகளும்" என்றால் அந்தத் திகதிக்கு முன் இருவரும் இறந்துவிட்டார்கள்; அவர்களுடைய இறப்புப் பதிவுக்கு மேலெல்லை கிடைத்துவிட்டது. "மருமகளும்" என்று வரும் பெயர்கள் கணவனின் பெற்றார். "பாசமிகு சகோதரி" என்ற இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும்: அங்கே ஒன்றுவிட்ட சகோதரங்களையும் சேர்த்து எழுதுவார்கள். உறவுமுறை கேட்கும்போதும் அப்படித்தான். பெரியப்பா என்றால் தகப்பனுடன் கூடப்பிறந்தவரா, ஒன்றுவிட்டவரா, பெரியம்மாவின் புருசனா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். மச்சான் மச்சாளைக் கட்டிய குடும்பங்களில் ஒரே ஆள் வரைபடத்தில் இரண்டு இடத்தில் வருவார். ஆளுக்கு ஒரு இலக்கம் கொடுத்துவிட்டால் ஒருவரை இருவராக எண்ணும் குழப்பம் வராது.

பழைய அடையாள அட்டையின் இலக்கமும் பேசும். ஒன்பது இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாம் நாள். பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். 44612 என்று தொடங்கினால் 1944இல் பிறந்த பெண், 112ஆம் நாள், அதாவது ஏப்ரல் 21. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்தே எண்ணவேண்டும், இல்லாவிட்டால் ஒரு நாள் பிசகும். ஆனால் பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் உத்தேச வயதைக் கொடுத்து அட்டை எடுத்திருப்பார்கள், அதனால் இந்தத் திகதியை இன்னொன்றோடு ஒப்பிடாமல் நம்பவேண்டாம்.

மலையகத்திலிருந்து வந்தவர்கள்

58, 77 கலவரங்களுக்குப் பின் வன்னிக்கு வந்து காடு வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் மலையகத் தமிழர். அவர்களை 1950கள், 60களின் வாக்காளர் இடாப்பில் தேடிக் காணாவிட்டால் அதற்குக் காரணம் அவர்களின் பிரஜாவுரிமையைப் பறித்த 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம். அடையாள அட்டை இலக்கத்தின் முடிவில் எக்ஸ் எழுத்து இருந்தால் அவர் அப்போது வாக்குரிமை இல்லாதவர். அவர்களின் பிரஜாவுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ்க் கொடுத்த விண்ணப்பங்களில் குடும்பம் முழுவதும், சில வேளை தமிழ்நாட்டுச் சொந்தக் கிராமத்தின் பெயரும் இருக்கும். விண்ணப்பத்தின் பிரதியோ இலக்கமோ எந்தப் பெட்டிக்குள் இருந்தாலும் எடுத்துப் பாருங்கள். தோட்டத்தின் பெயர், டிவிசன், கங்காணியின் (வேலையாட்களை மேய்த்தவரின்) பெயர், தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்றோலின் இலக்கம் ஆகிய நான்கையும் முதியவர்களிடம் இன்றே கேட்டு எழுதுங்கள். தோட்டத்துப் பிறப்புப் பதிவைத் தேட இவைதான் கையிலிருக்கும் நூல். இந்த மக்களின் வரலாற்றை வன்னி மிகக் குறைவாகவே எழுதி வைத்திருக்கிறது.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள் உண்டு. மன்னார் மறைமாவட்டம் 1981இல் பிரிந்தது. அதற்கு முந்திய காரியங்களுக்கு யாழ் மறைமாவட்டத்தையும் கேட்கவேண்டும்.

கேட்பதும் எழுதுவதும்

அரச அலுவலகம் பதில் தராமல் இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். "என் பாட்டனாரின் விபரம் வேண்டும்" என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது. இன்ன கிராமம், இன்ன துண்டு இலக்கம், இன்ன ஆண்டுக்கும் இன்ன ஆண்டுக்கும் இடைப்பட்ட காணிப் பேரேட்டுப் பக்கத்தின் பிரதி என்று கேட்கவேண்டும். இந்த உரிமை இலங்கைப் பிரஜைக்கு உரியது. வெளிநாட்டுப் பிரஜாவுரிமை மட்டும் உள்ளவர்கள் ஊரிலிருக்கும் உறவினர் மூலம் விண்ணப்பிக்கலாம்.

கையிலிருக்கும் பழைய பத்திரங்களை லமினேற் செய்யாதீர்கள். சூடும் பிளாஸ்ரிக்கும் ஒட்டியபின் பிரிக்கவே முடியாது, பின்பக்கத்தில் புதிதாக எதையும் பதியவும் வழியில்லை. நிழல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், இரண்டு பக்கமும் படமெடுத்து மூன்று வீடுகளில் வையுங்கள்.

2009க்குள் காணாமல் ஆக்கப்பட்டவர்களை வரைபடத்தில் எழுதும்போது அவர்களின் தாயும் மனைவியும் சொல்வதே எழுத்து. குடும்பம் மரணச் சான்றிதழ் எடுக்க மறுத்திருந்தால் இறந்த ஆண்டு என்ற இடத்தை நிரப்பாதீர்கள். கடைசியாகக் கண்ட திகதி, கண்ட இடம், கண்டவர் யார் என்ற மூன்றையும் எழுதுங்கள்.