ட்ரோனுக்குப் பூஜ்யம் சொல்லிக்கொடுப்பது எப்படி?

நானே கட்டிய முதல் ட்ரோன் ஒரு நொடிகூடப் பறக்கவில்லை. மோட்டார் வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் குச்சியை மெல்ல மேலே தள்ளினேன். தரையை விட்டு நான்கு விரற்கடை எழும்பியதும் வலப்பக்கமாகப் புரண்டு தலைகீழாய் விழுந்து, அந்த நிலையிலேயே புல்லை அரிந்து தள்ளியது. இரண்டு புரொப்பெல்லர்கள் முறிந்தன. காற்று வீசவில்லை, பேட்டரி புதியது, நான்கு மோட்டார்களும் நன்றாகவே சுழன்றன. கோளாறு வயரிங்கில் இருந்தது. வசதிக்காக ட்ரோனின் சட்டத்தைக் கவிழ்த்து வைத்து வேலை செய்திருந்தேன். கவிழ்த்தால் இடம் வலமாகிவிடும் என்பது அப்போது உறைக்கவில்லை. இடப்பக்க மோட்டார்களுக்குப் போக வேண்டிய கம்பிகள் வலப்பக்கத்திலும், வலப்பக்கக் கம்பிகள் இடப்பக்கத்திலும் போயிருந்தன.

அந்த அரை நொடியில் நடந்ததைச் சற்று நிறுத்திப் பார்க்கலாம். ட்ரோன் வலப்பக்கம் ஒரு துளி சாய்கிறது. கட்டுப்பாட்டுப் பலகை அதை உணர்ந்து, வலப்பக்க மோட்டார்கள் வேகமாகச் சுழலட்டும் என்று ஆணையிடுகிறது. ஆணை இடப்பக்கம் போகிறது. இடப்பக்கம் உயர, சாய்வு கூடுகிறது. பலகை இன்னும் அழுத்தமாக அதே ஆணையைக் கொடுக்கிறது. பலகை தன் வேலையைப் பிசகில்லாமல் செய்ததால்தான் ட்ரோன் கவிழ்ந்தது. தான் எந்த உடம்பில் பொருத்தப்பட்டிருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. எது இடம், எது வலம், எது சமம், எது வடக்கு, எது அசைவற்ற நிலை என ஒவ்வொன்றையும் நாம்தான் சொல்லித்தர வேண்டும். அளவுதிருத்தம் என்று சொல்லப்படும் வேலை முழுவதும் இதுதான்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், நான்கு சுழலி கொண்ட இயந்திரத்துக்குத் தன்னால் நிலைத்து நிற்கும் குணம் கிடையாது. நன்றாக வடிவமைத்த விமானம் கொஞ்சம் குலுங்கினாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். இதுவோ விரல் நுனியில் நிறுத்திய கோல். 1907இல் பிரான்சில் பிரெகே சகோதரர்கள் செய்த நான்கு சுழலி இயந்திரம் தரையை விட்டு எழும்பியது. ஆனால் நான்கு மூலைகளிலும் ஆட்கள் நின்று அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த நால்வரின் வேலையை இன்று நகத்தளவுகூட இல்லாத ஒரு சில்லு செய்கிறது. தொடக்க காலத்து ஆர்வலர்கள் அந்தச் சில்லை நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியின் கைப்பிடித் துணைக்கருவிகளைப் பிரித்து எடுத்தார்கள். மல்ட்டிவீ என்ற புகழ்பெற்ற ட்ரோன் மென்பொருளுக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான்.

அந்தச் சில்லுக்குள் இருப்பது கைரோ. பெயரைக் கேட்டதும் சுழலும் பம்பரம் நினைவுக்கு வரும். உள்ளே பம்பரம் எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலிக்கன் துண்டு இடைவிடாமல் முன்னும் பின்னும் அதிர்ந்துகொண்டிருக்கிறது. சில்லு திரும்பும்போது, அதிரும் துண்டு பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. புயலைச் சுழலவைக்கும் அதே கொரியாலிஸ் விளைவுதான். அந்தப் பக்கவாட்டு நகர்வை மின்சாரமாக அளந்தால், நொடிக்கு எத்தனை டிகிரி திரும்புகிறோம் என்பது கிடைத்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், அசையாமல் இருக்கும்போதும் கைரோ பூஜ்யம் காட்டுவதில்லை. நொடிக்கு ஒரு டிகிரி என்று ஒரு சின்னப் பொய் சொல்லும். கேட்க அற்பமாகத் தோன்றும். கூட்டிக்கொண்டே போனால் ஒரு நிமிடத்தில் 60 டிகிரி ஆகிவிடும். நல்லவேளையாக, அந்தப் பொய் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கிறது. எனவே பேட்டரியை இணைத்ததும் பலகை சில நொடிகள் கைரோவைக் கவனித்து, சராசரிப் பொய் எவ்வளவு என்று குறித்துக்கொள்கிறது. பிறகு வரும் ஒவ்வோர் அளவிலும் அதைக் கழித்துவிடுகிறது. அந்தச் சில நொடிகளில் ட்ரோனைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தால், ஆட்டத்தையே அசைவின்மை என்று அது எடுத்துக்கொள்ளக்கூடும். தரையில் வை, பேட்டரியை இணை, கையை எடு: பழகியவர்கள் இதை ஒரு சடங்காகவே செய்வார்கள்.

கைரோவுக்குத் துணையாக முடுக்கமானி இருக்கிறது. அது புவியீர்ப்பை உணர்வதால் கீழ்த்திசை எது என்று அதற்குத் தெரியும். ஆனால் மோட்டார் அதிர்வு முழுவதும் அதன் காதில் விழுகிறது. கணத்துக்குக் கணம் உளறும். கண்ணை மூடிக்கொண்டு அடி எண்ணி நடப்பவர் போன்றது கைரோ. பத்தடிக்குத் துல்லியமாக இருக்கும், நூறு அடியில் வழி தவறும். தூசி பறக்கும் தெருவில் கண்ணைத் திறந்து பார்ப்பவர் போன்றது முடுக்கமானி. ஒரு பார்வையை நம்ப முடியாது, பல பார்வைகளின் சராசரியை நம்பலாம். பலகை இரண்டையும் கலக்கிறது. இந்தக் கணத்துக்குக் கைரோவின் பேச்சு, நீண்ட ஓட்டத்துக்கு முடுக்கமானியின் பேச்சு.

முடுக்கமானியின் அளவுதிருத்தத்தில் மென்பொருள் நம்மைச் சர்க்கஸ் செய்யச் சொல்லும். சமமாக வை, இடப்பக்கம் சாய்த்து நிறுத்து, வலப்பக்கம், மூக்கு கீழே, மூக்கு மேலே, கடைசியில் மல்லாத்து. ஏன் ஆறு நிலைகள்? மூன்று அச்சுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் புவியீர்ப்பை ஒருமுறை நேராகவும் ஒருமுறை எதிராகவும் பார்க்க வேண்டும். ஓர் அச்சு நேராக நிற்கும்போது 9.9 என்றும் தலைகீழாக இருக்கும்போது மைனஸ் 9.7 என்றும் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டின் நடுப்புள்ளி 0.1, அது கழிக்க வேண்டிய பிழை. இடைவெளியில் பாதி 9.8, அது சரியான அளவுதான் என்பதால் அளவுகோலைத் தொட வேண்டாம். ஒரே ஒரு நிலையில் அளந்திருந்தால் 9.9 என்பதில் எவ்வளவு கழிக்க வேண்டிய பிழை, எவ்வளவு அளவுகோல் பிழை என்று பிரித்தறியவே முடியாது. ஒவ்வொரு நிலையிலும் ட்ரோனைக் கையில் பிடிக்காமல் சுவரிலோ தடித்த புத்தகத்திலோ சாய்த்து வைப்பது நல்லது. கை நடுங்காது என்று நினைப்போம், நடுங்கும்.

இதிலேயே இன்னொரு பொறியும் உண்டு. சில்லு தன்னளவில் திருந்திவிட்டாலும், பலகையைச் சட்டத்தின் மேல் ஒட்டும்போது ஒரு மூலை சற்றுத் தூக்கலாக இருந்தால் சில்லின் சமமும் சட்டத்தின் சமமும் வேறு வேறு. ஒரு டிகிரி சாய்வு கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்த ஒரு டிகிரி, நொடிக்கு நொடி 0.17 மீட்டர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் பத்தே நொடியில் எட்டரை மீட்டர் நகர்ந்துவிடும். குச்சியைத் தொடாமலே ட்ரோன் ஒரு பக்கமாக ஒழுகிப்போகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

திசைகாட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ட்ரோன் பாகங்களில் என் பொறுமையை மிகவும் சோதித்தது அதுதான். ட்ரோனைக் கையில் ஏந்தி எல்லாப் பக்கமும் திருப்பச் சொல்வார்கள். பார்ப்பவர்களுக்குச் சாமி வந்ததுபோலத் தோன்றும். காரணம் இருக்கிறது. புவியின் காந்தப்புலம் ஓரிடத்தில் ஒரே அளவுடையது. எனவே கருவியை எல்லாத் திசைகளிலும் திருப்பி, கிடைக்கும் அளவுகளைப் புள்ளிகளாக வைத்தால் அவை ஒரு பந்தின் மேற்பரப்பில் அமைய வேண்டும். ட்ரோனில் இருக்கும் காந்தத் துண்டுகள் அந்தப் பந்தை மையத்திலிருந்து நகர்த்திவிடும். காந்தமாகாத இரும்புத் திருகுகள் அதை முட்டையாக நசுக்கிவிடும். மென்பொருள் முட்டையைப் பந்தாக்கி, மையத்துக்கு இழுத்து வைக்கிறது. இதற்குப் புள்ளிகள் எல்லாப் பக்கமும் வேண்டும் என்பதால்தான் அந்த ஆட்டம்.

ஆனால் அந்தக் கணக்கால் திருத்த முடியாத ஒன்று உண்டு. பேட்டரிக் கம்பியில் 10 ஆம்பியர் ஓடினால், அதிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி உண்டாகும் புலம் 100 மைக்ரோடெஸ்லா. புவியின் புலமோ இடத்துக்கேற்ப 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரைதான். த்ராட்டிலை ஏற்றினால் வடக்கு ஒரு பக்கம் போகும், இறக்கினால் இன்னொரு பக்கம் வரும். என் இரண்டாவது ட்ரோனை ஜிபிஎஸ் உதவியோடு ஓரிடத்தில் நிற்கச் சொன்னபோது அது நிற்காமல் வட்டமிட்டது. வட்டம் ஒவ்வொரு சுற்றுக்கும் பெரிதாகிக்கொண்டே போனது. மேற்கே தள்ளப்பட்டதை உணர்ந்து கிழக்கே வர நினைக்கிறது. அது கிழக்கு என்று நம்பும் திசையோ வடகிழக்கு. திருத்தத் திருத்தத் தவறிக்கொண்டே சுழல்கிறது. தீர்வு மென்பொருளில் இல்லை. திசைகாட்டிச் சில்லான காந்தமானியை ஒரு சிறு கம்பத்தின் மேல் 10 சென்டிமீட்டர் உயரத்தில் ஏற்றிவைத்தேன். தூரம் ஐந்து மடங்கானதும் இடையூறு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. பேட்டரியின் சிவப்பு, கறுப்புக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டேன். போகும் மின்னோட்டத்தின் புலமும் திரும்பும் மின்னோட்டத்தின் புலமும் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வட்டம் நின்றது.

மோட்டார்களின் வேகத்தை ஆளும் இஎஸ்சி கருவிகளுக்கும் பூஜ்யம் சொல்ல வேண்டும். பழைய முறையில் ஆணை என்பது ஒரு மின்துடிப்பின் நீளம்: ஏறத்தாழ 1000 மைக்ரோநொடி என்றால் நில், 2000 என்றால் முழு வேகம். நான்கு கருவிகளும் இந்த இரு எல்லைகளையும் ஒன்றுபோலப் புரிந்துகொள்ளாவிட்டால் ஒரு மோட்டார் முந்தும், இன்னொன்று தூங்கும். புதிய கருவிகளில் ஆணை எண்ணாகவே போவதால் இந்த வேலை மிச்சம். எப்படியானாலும், இந்தக் கட்டத்தில் புரொப்பெல்லர்கள் மாட்டியிருக்கக் கூடாது. முழு வேக ஆணையோடு மின்சாரம் கொடுக்கும் வேலை இது. இணைப்பில் ஒரு பிசகு போதும், விரல் போய்விடும். மோட்டார் சுழலும் திசையையும் அப்போதே பார்த்துவிடலாம்: ஒரு காகிதத் துண்டின் ஓரத்தை அதன் மேல் உரசவிட்டால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். தவறான திசையென்றால் மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை மாற்றி இணைத்தால் போதும். மூலைவிட்டத்தில் எதிரெதிராக இருக்கும் இரண்டும் ஒரே திசையில், அடுத்தடுத்து இருப்பவை எதிர்த்திசையில் சுழல வேண்டும். அப்போதுதான் ட்ரோனைத் திருப்பப் பார்க்கும் விசைகள் ஒன்றையொன்று சமன் செய்யும்.

புரொப்பெல்லரின் எடைச் சமநிலையைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். மையத்திலிருந்து 5 சென்டிமீட்டரில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு கூடுதல் எடை. நிமிடத்துக்கு 10,000 சுற்று. கணக்குப் போட்டால் அது ஐந்தரை நியூட்டன் விசையோடு அச்சை இழுக்கிறது. அரைக் கிலோவுக்கும் அதிகமான எடையை நொடிக்கு நூற்று அறுபது முறைக்கு மேல் சுழற்றி ஆட்டுவதற்குச் சமம். கைரோ பாவம், என்னதான் செய்யும்? லேசான இலையில் ஒட்டுநாடாவில் ஒரு சிறு துண்டை ஒட்டினால் தீர்ந்துவிடும் சிக்கல் இது.

கடைசியாக பிஐடி: சாய்வைத் திருத்த மோட்டார்களுக்கு எவ்வளவு ஆணை தருவது என்று பலகை போடும் கணக்கு. இதன் மூன்று பகுதிகளின் அளவையும் நாம்தான் எண்களாகக் கொடுக்க வேண்டும். பிழை எவ்வளவோ அவ்வளவு திருத்து என்பது பி. நெடுநேரமாகத் தீராத பிழையைச் சேர்த்துவைத்துத் திருத்து என்பது ஐ. பிழை குறையும் வேகத்தைப் பார்த்து முன்கூட்டியே பிரேக் போடு என்பது டி. பேட்டரி ஒரு பக்கம் தள்ளி இருப்பதால் வரும் நிரந்தரச் சாய்வைச் சரிக்கட்டுவது ஐ. பி அதிகமானால் ட்ரோன் குளிரில் நடுங்குவதுபோல் படபடவென்று அதிரும். குறைந்தால் சேற்றில் மிதப்பதுபோல் தொளதொளவென்று இருக்கும். டி அந்த நடுக்கத்தை அடக்கும், ஆனால் அதிர்வு இரைச்சலையும் பெருக்கி மோட்டாரைச் சூடாக்கும். எண்களை இணையத்திலிருந்து எடுத்துப் போடுபவர்களை நான் குறை சொல்லமாட்டேன்; தொடங்க ஓர் இடம் வேண்டுமே. ஆனால் அவை வேறொரு சட்டத்துக்கும் வேறொரு எடைக்கும் பொருந்திய எண்கள்.

எனவே முதல் பறத்தல் முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம். முப்பது நொடி நிறுத்திவைத்து, இறக்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டு மோட்டார்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். நான்கும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. நான்குமே கை வைக்க முடியாமல் சுட்டால் டி அதிகமா என்று பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அதன் பேரிங்கையோ புரொப்பெல்லரையோ பார்க்க வேண்டும். மூலைவிட்டத்தில் எதிரெதிராக இருக்கும் இரண்டு மட்டும் சுட்டால், சட்டத்தின் ஏதோ ஒரு கையில் மோட்டார் செங்குத்தாக நிற்கவில்லை. அதனால் வரும் திருப்பத்தைத் தடுக்க அந்த இணை ஓயாமல் கூடுதலாக உழைக்கிறது. திருகைத் தளர்த்தி, மோட்டாரை நிமிர்த்தி இறுக்கிவிட்டு, மறுபடியும் முழங்கால் உயரத்திலிருந்து தொடங்கலாம்.