தூக்குவாளி பக்கத்தில் ஒரு பிரஷ்

கம்பத்தில் பல் மருத்துவம் பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் நிறையப் பேர் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள். விடியும் முன்னே எழுந்து சோறாக்கி, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ ஜீப்பில் மலையேறிவிடுவார்கள். காலையில் பல் தேய்க்க அரை நிமிஷம் கிடைத்தால் பெரிது. ராத்திரி தேய்க்கிற பேச்சே கிடையாது.

ஆரம்ப வருஷங்களில் அவர்களை நான் திட்டியிருக்கிறேன். "இப்படியே விட்டா நாற்பது வயசுல பல் செட்டுதான்" என்று பயமுறுத்துவேன். சீழ் வைத்த ஈறுகளின் படங்களைக் காட்டுவேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையாட்டுவார்கள். அடுத்த முறை வரும்போது, "ரெண்டு வேளையும் தேய்க்கிறேன் டாக்டரம்மா" என்பார்கள். ஈறைப் பார்த்தால் அப்படித் தெரியாது. சிலர் அப்புறம் வரவே இல்லை. பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்கிற நிலையில்தான் அவர்களைத் திரும்பப் பார்த்தேன். அதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது.

1953-ல் ஜானிஸ், ஃபெஷ்பாக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பல் பராமரிப்பைப் பற்றிய ஒரே பேச்சைப் பள்ளி மாணவர்களுக்கு மூன்று அளவு பயத்தோடு கொடுத்தார்கள். கொடூரமான படங்களோடு கேட்டவர்கள்தான் அதிகம் கவலைப்பட்டார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது, சொன்னபடி மாறியவர்கள் அந்தக் குழுவில் வெறும் 8 சதவீதம். பயம் குறைவான பேச்சைக் கேட்ட குழுவில் 36 சதவீதம். பயமே வீண் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்லவில்லை. பயத்தோடு கூடவே தன்னால் செய்ய முடிகிற ஒரு வழியும் கிடைக்க வேண்டும் என்கின்றன. நான் பயத்தை மட்டும் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது முதலில் கேள்விதான் கேட்கிறேன். ஐம்பது வயதை நெருங்கும் ஓர் அக்கா வந்திருந்தார். "பல்லைச் சுத்தமா வச்சுக்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எத்தனை போடுவீங்க?" என்றேன். "நாலு" என்றார். "ரெண்டுன்னு சொல்லாம ஏன்க்கா நாலு?" கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "ஜீப்புல நெருக்கி உட்கார்ந்து போறோம். நான் பேசினா எதிர்ல இருக்கறவ மூஞ்சியத் திருப்பிக்கிறா." இதை நான் சொல்லியிருந்தால் அவமானப்பட்டிருப்பார். அவர் வாயிலிருந்தே வந்ததால் அது அவருடைய காரணமாகிவிட்டது.

தேய்த்தால் ரத்தம் வருகிறது, அதனால்தான் விட்டுவிட்டேன் என்றும் சொன்னார். இந்தப் பேச்சை வாரத்துக்கு நாலு பேரிடமாவது கேட்கிறேன். ஆனால் பெரும்பாலும் தேய்க்காமல் விடுவதால்தான் ஈறு வீங்கி ரத்தம் வருகிறது. 1965-ல் வெளிவந்த ஹரால்ட் லோ குழுவினரின் ஆய்வில், ஈறு நன்றாக இருந்த 12 பேர் பல் தேய்ப்பதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் தேய்க்கத் தொடங்கியதும் ஒரு வாரம், பத்து நாளில் சரியாகிவிட்டது. அந்த அக்காவுக்குக் காரை படிந்திருந்ததால் முதலில் க்ளீனிங் செய்தேன். பிறகு, "ரெண்டு வாரம் மென்மையான பிரஷ்ஷால தேய்ச்சு, ரத்தம் குறையுதான்னு நீங்களே பாருங்க" என்றேன். பல்லில் நிறமருந்து தடவி, கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். அழுக்கு இருக்கும் இடமெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அடியாத்தீ, கடைவாய்ல இவ்வளவா" என்றார்.

எப்போது தேய்ப்பது என்பதுதான் அடுத்த சிக்கல். "ராத்திரி எந்த வேலைய மட்டும் என்ன ஆனாலும் விட மாட்டீங்க?" "தூக்குவாளியக் கழுவிக் கவுத்தாமப் படுக்க மாட்டேன்." சரி, பிரஷ்ஷையும் ஃப்ளோரைடு பேஸ்ட்டையும் அதன் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன். வாளியைக் கவிழ்த்தால் உடனே பிரஷ், இரண்டு நிமிஷம். நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். 'இது முடிந்ததும் அது' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைத்தால் செய்ய நினைத்தது நடந்துவிடுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டியிருக்கிறார்.

ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்று நினைப்பவர்களிடம் 2010-ல் லண்டனில் நடந்த ஆய்வைச் சொல்வேன். ஒரு பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 வரைகூட. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை.

புகையிலை போடுபவர்களிடம் மட்டும் ஆபத்தை மறைப்பதில்லை. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ, வாய்க்குள் வெள்ளையாக, சிவப்பாகத் திட்டோ இருந்தால் உடனே வந்து காட்டச் சொல்கிறேன். வந்தால் திட்ட மாட்டேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த அக்கா போன மாதம் மூன்றாவது முறையாக வந்தார். உட்கார்ந்ததும் கண்ணாடியை அவரே கேட்டு வாங்கினார். ரத்தம் நின்றிருந்தது. மேல் கடைவாயில் ஓர் இடத்தில் மட்டும் பிரஷ் இன்னும் எட்டவில்லை. அதை எனக்கு முன்னே அவர்தான் கண்டுபிடித்தார்.